கல்லறைமேல் பெட்டி வேண்டாம்

ஆசிரியருக்கு,

ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிக்கும் ஜியோகேச்சிங் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்று. 2000 மே மாதம், ஜிபிஎஸ் துல்லியத்துக்கு இருந்த தடையை அமெரிக்கா நீக்கிய கையோடு ஓரிகன் மாநிலத்தில் பிறந்த விளையாட்டு இது. ஆனால் பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் நடக்கும் புதிர் வேட்டையைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் கடந்துவிட்டார். எனக்குப் பிடித்ததே அதுதான்.

லண்டனில் பழைய செயின்ட் பாங்கிராஸ் தேவாலயத் தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் நினைவுக்கல்லில் 1759, 1797 என்ற ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இலக்கங்களைக் கூட்டிக் கழித்தால் அடுத்த இடத்தின் அட்சரேகை எண் கிடைக்கும்படி ஒரு புதிர் அமைக்கலாம். விடை தேடி வரும் சிறுமி, பெண்ணுரிமைக்காக எழுதிய ஒருத்தி 38 வயதில், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே இறந்ததை அறிந்துகொண்டுதான் வீடு திரும்புவாள். வரலாற்றுப் பாடம் இதைவிட நன்றாக மனதில் பதியாது.

அதே நேரம் கண்டிப்பும் வேண்டும். பெட்டியைக் கல்லறைமேலோ அதன் விரிசலிலோ ஒளிக்கவே கூடாது. தேவாலயத்தின் அனுமதி பெற்று, மதிலுக்கு வெளியே வைக்கட்டும். மங்கிய எழுத்தைப் படிக்கச் சாக்கட்டி தேய்ப்பதும் பாசியைச் சுரண்டுவதும் பெருங்கேடு. பழைய மணற்கல் எழுத்தோடு சேர்ந்தே உதிர்ந்துவிடும். டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே போதும், எழுத்துகள் நிழலோடு எழும்பித் தெரியும். அடக்கம் நடக்கும் நேரத்தில் ஆட்டம் நிற்க வேண்டும்.

இந்த விதிகளையும் அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், லண்டன்