அக்கரைச் சட்டம் இக்கரைக்கு ஆகாது

விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் அன்பர்கள், நிலக்கடலைக் கொல்லையைக் காட்டுப்பன்றிகள் உழுது பாழாக்கிவிட்டன என்று உறவினர் வருந்தக் கேட்டிருப்பார்கள். “கேரளத்தில் சுடுகிறார்களாமே, நாமும் சுட்டால் என்ன?” என்ற பேச்சும் அவ்விடத்தில் எழுவதுண்டு. அப்பேச்சை நம்பிச் செயலில் இறங்குவோர் சிறை செல்ல நேரலாம்.

வேட்டை அனுமதி இரயில் டிக்கெட்டைப் போன்றது. வாங்கிய தடத்துக்கு மட்டுமே அது செல்லுபடியாகும். முற்காலத்திலும் நிலை இதுவே. மோயாற்றின் ஒருபுறம் முதுமலை, மறுபுறம் பந்திப்பூர். சென்னை மாகாணத்து நீலகிரிக்கு 1879-ஆம் ஆண்டில் ஒரு வேட்டைச் சட்டம் பிறந்தது. மைசூர் சமஸ்தானம் 1901-இல் தனக்கென வேறு சட்டம் செய்துகொண்டது. மான் ஆற்றைக் கடக்கலாம். அனுமதிச் சீட்டு கடக்காது.

அமெரிக்காவில் இன்றும் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் வழங்குகிறது. வெளி மாநிலத்தாருக்குக் கட்டணம் அதிகம். பல மாநிலங்களில், வீழ்த்திய மானின் உடலில் அடையாளச் சீட்டைக் கட்டிய பின்னரே அதனை எடுத்துச் செல்லலாம்.

நம் நாட்டின் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டை உரிமங்களுக்கு இடமளித்தது. 1991-இல் வந்த திருத்தம் அவற்றை ஒழித்தது. ஆகவே பொழுதுபோக்கு வேட்டைக்கு இன்று எம்மாநிலத்திலும் உரிமம் கிடையாது. உயிருக்கோ பயிருக்கோ தீங்கு நேருமிடத்து, அதிகாரம் பெற்றவர் எழுத்து மூலம் தரும் ஆணையே எஞ்சியுள்ளது. வேற்றுமையெல்லாம் அவ்வாணையில்தான்.

2015-16-இல் மத்திய அரசு, பீகாரில் நீலான், காட்டுப்பன்றி ஆகியவற்றையும், இமாசலப் பிரதேசத்தில் குரங்கையும், குறித்த பகுதிகளுக்கும் குறித்த காலத்துக்கும் மட்டும் தீங்குயிர்களாக அறிவித்தது. கேரள அரசு 2022-இல், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. துப்பாக்கி உரிமம் பெற்றோர் அவ்வாணையின்படி சுடலாம். தமிழக அரசு 2025-இல் பிறப்பித்த ஆணையோ வேறு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினரே சுடவேண்டும், குடியானவர் சுடலாகாது.

ஆணையின்றிக் காட்டுப்பன்றியைக் கொன்றவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சரணாலயத்தினுள் செய்த குற்றமாயின் தண்டனை இன்னும் கடுமையானது. பாய்ந்து வரும் விலங்கினிடமிருந்து உயிர் காக்கக் கொல்வது குற்றமன்று. எனினும் அவ்வுடல் அரசின் சொத்தே. அதன் இறைச்சியைப் பையிலிட்டு எல்லை கடந்து கொணர்வது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவதும் இவற்றினும் கொடியவை. பன்றிக்கு விரித்த கம்பியில், இரவில் நீர் பாய்ச்சச் சென்ற மனிதரே மாண்டதுண்டு.

பயிர் அழிந்தால் வனச்சரக அலுவலகத்துக்கு உடனே எழுதிக் கொடுங்கள். தமிழகமும் கர்நாடகமும் பயிர்ச் சேதத்துக்கு உதவித்தொகை வழங்குகின்றன. விதிகள் மட்டும் வெவ்வேறு. நிலம் எம்மாநிலத்தில் உள்ளதோ அம்மாநில விதியைக் கேட்டறியுங்கள். பெங்களூரில் கேட்ட செய்தியை ஊருக்கு எழுதுமுன், அது எவ்வூர்ச் சட்டம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.