காசு கட்டியாயிற்று என்பதற்காக...



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். பாசிக்குடாவில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் பலர் இன்பொக்ஸில் வந்தார்கள். சிலர் எவ்வளவு முடிந்தது என்று கேட்டார்கள். சிலர் சாப்பாடு ஹலாலா என்று கேட்டார்கள். உறவினர் ஒருவர் "காசைக் கடலில் கொட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்" என்றே எழுதிவிட்டார். எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே பதில் சொல்கிறோம். எங்கள் பிழை ஒன்றும் இதில் இருக்கிறது.

பாசிக்குடா எங்களுக்குப் புதிய இடமல்ல. காத்தான்குடியிலிருந்து வாகனத்தில் ஒரு மணித்தியாலம். சோற்றுப் பார்சலோடு போய், பொதுக் கடற்கரையில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டு, அஸருக்குப் பிறகு திரும்பி வருவதுதான் வழக்கம். 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அந்த வளைகுடா ஓரமாக ரிசோர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. நாங்கள் மதிலுக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. இந்த விடுமுறையில்தான் முதன்முறையாக உள்ளே போய்த் தங்கினோம். ஓர் இரவு, இரண்டு அறை, உம்மாவோடு ஆறு பேர். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. கடனும் இல்லை, நகை அடகும் இல்லை.

நாங்கள் எடுத்தது 'ஓல் இன்குளூசிவ்'. அதாவது, எல்லாம் ஒரே கட்டணத்துக்குள். போனதும் ஆளுக்கொரு நீலப் பட்டியைக் கையில் கட்டிவிட்டார்கள். வெட்டினால்தான் கழரும். பட்டி இருந்தால் மூன்று வேளைச் சாப்பாடு, பின்னேரத் தேநீர், ஐஸ்கிரீம், ஜூஸ் எதற்கும் பில் இல்லை. "எல்லாம் சும்மாவா?" என்று சின்னவன் கேட்டான். "சும்மா இல்லை மகன், முதலே காசு கட்டியாயிற்று" என்றோம். அந்தப் பதில்தான் இரவு எங்களையே மாட்டிவிட்டது.

அந்த 'எல்லாம்' என்பதற்குள் மதுவும் அடக்கம். 'புல் போர்ட்' எடுத்திருந்தாலும் மூன்று வேளைச் சாப்பாடு கிடைத்திருக்கும். கூடுதலாகக் கட்டியதில் பெரும்பங்கு நாங்கள் தொடாத ஒன்றுக்குத்தான் என்பது அங்கே போன பிறகுதான் விளங்கியது. மனம் கசந்தது. அந்தக் காசைச் சாப்பாட்டிலாவது எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குள் வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறோம்.

இரவு புஃபே. பொரித்த சோறு, நூடில்ஸ், சுட்ட மீன், கணவாய், பெயர் தெரியாத புடிங் வகைகள். இறைச்சியில் சந்தேகம் இருந்ததால் அதை விட்டுவிட்டோம். மற்றதையெல்லாம் அள்ளினோம். ஆறு பேருக்கு மேசையில் பதினான்கு பீங்கான். பிள்ளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வைத்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார்கள். நாங்களும் தடுக்கவில்லை. கட்டிய காசு அல்லவா?

பீங்கான்களை எடுக்க வந்தவர் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்ப் பிள்ளை. உம்மா அவரிடம் கேட்டார்: "மகன், இந்த மிச்சமெல்லாம் எங்க போகும்?"

"வெளியில குடுக்க விடமாட்டாங்க அம்மா. யாருக்கும் வருத்தம் வந்தா ஹோட்டலுக்குப் பிரச்சினை. பன்றிப் பண்ணைக்காரர் வந்து வாளியில எடுத்துட்டுப் போவார்."

உம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் கையிலிருந்த மீன் பீங்கானைத் திருப்பி வாங்கி, பேரப்பிள்ளை கடித்துவிட்டு வைத்த துண்டைச் சாப்பிட்டு முடித்தார். 2004 சுனாமிக்குப் பிறகு பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த நாட்களில், ஒரு சோற்றுப் பார்சலை நான்காகப் பிரித்துத் தந்த கை அது.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள். காலைக்கூட்டத்தில் வீண்விரயம் பற்றிப் பேசுகிறவர்கள். அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் ஆயத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்யக் கொடுத்தவர்கள். ஹலாலா ஹறாமா என்று சட்டி வரைக்கும் விசாரித்த எங்களுக்கு, எங்கள் பீங்கானில் கிடந்த மிச்சம் ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை.

"சமைத்தது சமைத்ததுதானே, நீங்கள் எடுக்காவிட்டாலும் கொட்டத்தான் போகிறார்கள்" என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. தட்டத்தில் தொடாமல் இருப்பதை இன்னொருவர் எடுக்கலாம். எங்கள் பீங்கானுக்கு வந்துவிட்டால் அது வேறு யாருக்கும் உதவாது. தட்டங்கள் வேகமாகக் காலியானால் குசினியில் இன்னும் சமைக்கத்தான் செய்வார்கள்.

ஹோட்டலை மட்டும் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. நம் கலியாண வீடுகளில் என்ன நடக்கிறது? ஒரு சஹனுக்கு ஆறு பேர் என்பது பகிர்ந்து சாப்பிடும் அழகான பழக்கம். அதே சஹனில் இப்போது எட்டுப் பேருக்குக் காணும் சோற்றைக் குவித்து, கோழியையும் வட்டிலப்பத்தையும் அடுக்கி, பாதியை அப்படியே விட்டு எழும்புகிறோம். குறைத்து வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம் வீட்டுக்காரருக்கு. வைத்ததுதானே என்ற அலட்சியம் நமக்கு. நோன்பு மாதத்து இஃப்தார் மேசைகளும் அப்படித்தான். அங்கே நம் கையில் பட்டி கட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

காசு கட்டினால் கடைக்காரரோடு கணக்கு முடிந்துவிடும். அல்லாஹ்விடம் உள்ள கணக்கு அதோடு முடிவதில்லை. நாம் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இப்படிச் சொல்வதால் போகவே கூடாது என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். எழுபதைத் தாண்டிய உம்மா, ஸுபஹுக்குப் பிறகு குசினிக்குப் போகாமல் கடலைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் இதற்கு முன்னர் கண்டதில்லை. சுனாமிக்குப் பிறகு கடலில் கால் வைக்காதவர், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். நம் வீட்டுப் பெண்களுக்குப் பெருநாளன்றும் லீவு இல்லை. அவர்களுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதைக் காசைக் கடலில் கொட்டுவதாக நாங்கள் நினைக்கவில்லை. அது அவர்களுடைய ஹக்.

போக நினைப்பவர்களுக்கு நாங்கள் படித்த சில விடயங்கள்:

1. மது அருந்தாத நமக்கு 'புல் போர்ட்' போதும். தண்ணீரும் ஜூஸும் அதில் சேருமா என்று முதலே கேளுங்கள்.

2. ஹலால் பற்றிப் புக் பண்ணும்போதே கேளுங்கள். அங்கும் நேரடியாகச் சமையல்காரரிடம் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. காலைச் சாப்பாட்டில் பன்றி இறைச்சி வைத்த தட்டம் இருந்தது. நாங்கள் கேட்டதும் முட்டையை வேறு தாச்சியில் பொரித்துத் தந்தார்கள்.

3. நீச்சல் தடாகத்தில் பருத்தி உடுப்போடு இறங்க விடமாட்டார்கள். பெண்களுக்கு உடலை முழுதாக மூடும் நீச்சல் உடை வேண்டும். அது அனுமதியா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் நம் கிழக்குக் கடல் அமைதி. அப்போது பாசிக்குடாவில் நெடுந்தூரம் ஆழமில்லாமல் நடக்கலாம். மாரியில் போய் ஏமாற வேண்டாம்.

5. வசதி இல்லையென்றால் கவலை வேண்டாம். கடல் அதே கடல்தான், பொதுக் கடற்கரையில் கட்டணமில்லாமல் குளிக்கலாம். சோற்றுப் பார்சலைக் கடையில் எடுங்கள். அன்றைக்காவது உம்மாவைச் சமைக்க விடாதீர்கள்.

6. முதலில் அரைப் பீங்கான் எடுங்கள். பசித்தால் திரும்பப் போங்கள், யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஆறாவதை நாங்கள் அடுத்த நாள் காலையிலேயே செய்து பார்த்தோம். ஆளுக்கொரு பீங்கான், அதுவும் வெறுமையாகத் திரும்பியது. அதே பிள்ளை வந்து எடுத்தார். உம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் உம்மா பாக்குவெட்டியை எடுத்து எல்லோருடைய பட்டியையும் ஒவ்வொன்றாக வெட்டினார். சின்னவன் மட்டும் தன்னுடையதைத் தர மறுத்தான். "இன்னும் ஐஸ்கிரீம் இருக்கு" என்று அழுதான். அவனுக்கு விளங்க இன்னும் காலம் இருக்கிறது. நமக்கு அந்தச் சாட்டு இல்லை.

உணவின் பெறுமதியை உணர்ந்தவர்களாக அல்லாஹ் நம் எல்லோரையும் ஆக்குவானாக. எங்கள் பிழையைப் பொறுப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.