கணக்குக்கு மொழி இல்லையா?

“கணக்குக்கு மொழி ஏது? இரண்டும் இரண்டும் எங்கும் நான்குதானே! அதை ஆங்கிலத்திற் கற்றால் என்ன, தமிழிற் கற்றால் என்ன?” ஆங்கிலப் பள்ளியின் வாயிலிற் காத்துக் கிடக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் கூறும் அமைவு இது. ஆய்ந்து நோக்கின் இஃது அரையுண்மை. அரையுண்மையோ முழுப்பொய்யினும் மிகுந்த கேடு பயப்பது.

எண்ணுக்கு மொழி இல்லை, கணக்குக்கு உண்டு. களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் கடன்கொடுத்தவன் திண்ணையிலும் கணக்கு எண்ணாக வருவதில்லை, சொல்லாகவே வருகின்றது. அச்சொல்லைப் பிரித்துணர்ந்து எண்ணாக்குவதே முதற்பணி. கூட்டலும் கழித்தலும் அதன் பின்னரே.

ஒரு கணக்கு: ஓர் உழவர் தம் விளைச்சலில் அரைப்பங்கைக் கடனுக்கு அளந்தார், காற்பங்கை வீட்டுக்கு வைத்தார், அரைக்காற்பங்கை விதைக்கு ஒதுக்கினார். மீந்தது 6 மூட்டை. விளைந்தது எவ்வளவு?

பொருள் விளங்காத மொழியிற் கற்கும் பிள்ளை இங்கு என்ன செய்கின்றது? சொல்லை உணர்வதில்லை; சொல்லைப் பிடிக்கின்றது. ‘டோட்டல்’ எனக் கண்டால் கூட்டு, ‘ரிமெயினிங்’ எனக் கண்டால் கழி என்பதே அதற்குப் புகட்டப்பட்ட கல்வி. எனவே 6-ஐ எதிலிருந்தேனும் கழிக்கத் துடிக்கின்றது. கழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளை விழிக்கின்றது. “கணக்கு வராத மக்கு” என்னும் பட்டம் வந்து சேர்கின்றது. வராதது கணக்கா? மொழியன்றோ!

தாய்மொழியில் உணர்ந்த பிள்ளை நடக்கும் வழி வேறு. அரையும் காலும் முக்கால். அதனோடு அரைக்கால் சேர முக்காலே அரைக்கால். ஒன்று நிறைய இன்னும் வேண்டுவது அரைக்கால். அந்த அரைக்காலே 6 மூட்டை. அரைக்கால் எட்டுக் கொண்டது ஒன்று. ஆகவே 6-ஐ 8-ஆற் பெருக்க விளைச்சல் 48 மூட்டை. சரிபார்ப்பின், கடனுக்கு 24, வீட்டுக்கு 12, விதைக்கு 6, மீதி 6, கூட்ட 48.

இதையே குறிக்கணக்காக எழுதின், விளைச்சல் ‘வி’. வி-யில் எட்டில் ஏழு பங்கைக் கழிக்க 6. எனவே வி-யில் எட்டிலொரு பங்கு 6; வி = 48. ‘எக்சு’ இல்லாமல் குறிக்கணக்கு இல்லை என்பார் வரலாறு அறியார். 9-ஆம் நூற்றாண்டில் அல்குவாரிசுமி யாத்த நூலின் பெயரிலிருந்தே ‘அல்சீபுரா’ என்னும் சொல் பிறந்தது. அந்நூலில் எக்சும் இல்லை, ஒய்யும் இல்லை. கணக்கு முழுதும் அரபுமொழிச் சொற்றொடராலேயே நடந்தது. தெரியாத அளவை அவர் ‘பொருள்’ எனவும் ‘வேர்’ எனவும் தம் மொழியிலேயே சுட்டினார். தெரியாத அளவுக்கு எக்சு, ஒய், இசட்டு என எழுதும் வழக்கம் தெக்கார்த்து 1637-இல் வெளியிட்ட நூலால் வேரூன்றியது. அரபியர்க்கு அரபுமொழி போதும். தமிழர்க்குத் தமிழ் மட்டும் போதாதோ?

போதாது என்பார், முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று, வீசம் 16-இல் ஒன்று என நுண்ணளவுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த மொழி எதுவென எண்ணட்டும். நிலமும் நெல்லும் பொன்னும் அளக்கும் வகைகளைக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் தமிழிலேயே வகுத்தது. 1957-இல் புதுக்காசு வருமுன், உருபாவில் வீசம் ஓரணா, அரைக்கால் ஈரணா என்பது எழுதப் படிக்க அறியாத மூதாட்டிக்கும் விரல்நுனியில் இருந்தது.

குறை தமிழ்ப்பள்ளியிலும் உண்டு. அதை மறைத்தல் தமிழ்த்தொண்டு ஆகாது. சொல்லை மட்டும் தமிழாக்கிவிட்டு வழியை உருப்போடச் செய்யும் ஆசிரியரும் பிள்ளையின் அறிவைப் பூட்டுபவரே. கணக்கைப் பிள்ளை முதலில் தன் சொல்லிற் கூறட்டும். தெரியாததற்குத் தானே பெயர் வைக்கட்டும். பின்னர்ச் சமன்பாடு எழுதட்டும். கிடைத்த விடையைக் கதையிற் பொருத்திப் பார்க்கட்டும். இந்நான்கும் தாய்மொழியில் இயல்பாய் நடப்பவை. அயன்மொழியில் முதற்படியே வழுக்குகின்றது.

கணக்கு உணராதவனை வட்டிக்காரன் ஏய்ப்பான். கூலி கொடுப்பவன் ஏய்ப்பான். வாக்குக் கேட்டு வருபவனும் ஏய்ப்பான். ஓரினத்தை ஏமாளியாக்க அதன் நிலத்தைப் பறிக்க வேண்டுவதில்லை. அதன் பிள்ளைகள் கணக்கைப் பிறர்மொழியில் எண்ணுமாறு செய்தாலே போதும்.