எட்டாம் பருவம்

பெண்ணின் பருவங்களை ஏழாக வகுத்தனர் பாட்டியல் நூலார். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனத் தொடரும் அவ்வரிசை, பெருவழக்கான கணக்கின்படி 5 வயதிலே தொடங்கி 40 வயதிலே முடிந்துவிடுகின்றது. உலா இலக்கியமும் அவ்வெல்லையைத் தாண்டுவதில்லை. இலங்கைப் பெண்ணின் சராசரி ஆயுட்காலமோ இன்று எண்பதை அண்மித்துள்ளது. எனவே அவள் வாழ்வின் பிற்பாதிக்கு இம்மரபிலே பெயரில்லை. பெயரில்லாத பருவத்துக்கு நோவும் இல்லையென்ற எண்ணம் தமிழ்ச் சமூகத்தை இன்றும் ஆட்கொண்டிருக்கின்றது. மாதவிடாய் ஓயும் காலத்தில் மூட்டிலும் தசையிலும் தோன்றும் வலி பற்றிய மௌனம் இவ்வெண்ணத்தின் விளைவேயாகும்.

மட்டக்களப்புப் பிரதேசத்திலே இம்முரண்பாடு மிகத் துலக்கமாகத் தெரிகின்றது. பெண் பூப்பெய்தினால் குரவை ஒலிக்கும், உறவினர் கூடுவர், நல்லெண்ணெயும் முட்டையும் உளுந்தும் நாள் தவறாது ஊட்டப்படும். பிள்ளை பெற்றவளுக்குக் காயம் அரைத்துக் கொடுப்பர். மூலிகை அவித்த வெந்நீர் வார்ப்பர். பாரம் தூக்க விடார். பெண்ணுடல் மாறும் வேளையில் அதற்கு ஓய்வும் ஊட்டமும் வேண்டும் என்ற அறிவு இவ்வழக்கங்களினுள்ளே உறைந்துள்ளது. ஆயின் மாதவிடாய் ஓயும்போது மட்டும் குரவையும் இல்லை, காயமும் இல்லை, ஓய்வும் இல்லை. கருப்பை பயன்தரும் வரையிலேயே பெண்ணுடல் பேணற்பாலது என்ற கணக்கன்றி இதற்கு வேறு விளக்கம் கூறுதல் அரிது.

உண்மை யாது? ஈஸ்திரஜன் என்னும் ஓமோன் கருப்பைக்கு மாத்திரம் உரியதன்று. என்பு, தசை, தசைநாண், மூட்டுக்களின் கசியிழையம் ஆகியனவும் அதனை ஏற்கின்றன. அது குறையுமிடத்து என்பின் அடர்த்தி விரைந்து குறைகின்றது. தசைத் திணிவும் வலுவும் சுருங்குகின்றன. விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுப்பதும், தோள் இறுகிக் கை மேலெழாதிருப்பதும், முழங்காலும் இடுப்பும் நோவதும் இதனோடு தொடர்புடையன. மேனாட்டு நூல்கள் மாதவிடாய் ஓய்வின் முதன்மை அறிகுறியாக உடல் வெம்மையையே விதந்து கூறும். ஆனால் 2009ஆம் ஆண்டில் வெளியான இலங்கை ஆய்வொன்றிலே, நடுவயதுப் பெண்களில் ஏறத்தாழ முக்காற் பங்கினர் மூட்டு, தசை நோவையே முறையிட்டனர். உடல் வெம்மை அதற்கு வெகுவாகப் பின்தங்கியே நின்றது. 2024ஆம் ஆண்டிலேதான் வொண்டா றைற் என்னும் அமெரிக்க என்புச் சத்திரசிகிச்சை நிபுணரும் அவர்தம் குழுவினரும் இந்நோவுகளை ஒன்றுதிரட்டி, மாதவிடாய் ஓய்வின் தசை-என்பு நோய்க்குறித் தொகுதி எனத் தனிப்பெயரிட்டனர். இப்பருவப் பெண்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேற்பட்டோர் இதற்கு ஆளாவர் என்பதும், நால்வரில் ஒருவர் செயலிழக்குமளவுக்குத் துன்புறுவர் என்பதும் அவர்தம் மதிப்பீடு.

இவ்வலியைச் சுமப்பவர் யாவர்? வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களை பிடுங்குபவர், பன் கிழித்துப் பாய் இழைப்பவர். கிழக்கே எழுவான்கரையில் கருவாட்டுக்கு மீன் வெட்டுபவர், தறியில் இருப்பவர். வாவியின் ஆழமற்ற நீரிலே குனிந்து நின்று இறால் தடவுபவர். தாய்வழிக் குடிமுறை இங்கு பெண்ணுக்குப் பெருமை தந்துள்ளது என்பர். வீடு மகளுக்குரியது என்பது அப்பெருமையின் சான்றாகக் காட்டப்படும். ஆனால் அவ்வீடு எவ்வாறு எழுகின்றது? மூத்த மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்த தாய், அடுத்த மகளுக்காக மீண்டும் முதற்கல்லிலிருந்து தொடங்குகின்றாள். போரிலே கணவனை இழந்தவளும், 2004 டிசம்பர் 26 கடற்கோளிலே உடைமை இழந்தவளும் இச்சுமையைத் தனித்தே தாங்குகின்றனர். இரண்டாம் மகளின் வீடு எழும் காலமும் தாயின் மூட்டுக்கள் இறுகும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன. ஆதலின் இஃது உடலியற் பிரச்சினை மட்டுமன்று, உழைப்பின் பிரச்சினையுமாகும்.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவன மூன்று.

முதலாவது, இது வயதின் இயல்பு, பொறுத்துக்கொள்வதே முறை என்பது. இயல்பானதற்கு உதவி வேண்டாவெனின், பிரசவமும் இயல்பேயன்றோ? பிரசவத்தை இயல்பென்று கைவிடாது, ஊர்தோறும் குடும்பநல மருத்துவமாதரை அனுப்பியதாலன்றோ இலங்கை தாய்மரணத்தைக் குறைத்த நாடெனப் புகழ்பெற்றது? கர்ப்பிணியின் படலையைத் திறந்துவரும் அதே மாது, அவ்வீட்டுத் திண்ணையில் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் தாயிடமும் ஒரு வினா வினவலாகாதா?

இரண்டாவது, நாளெல்லாம் உழைப்பவளுக்கு வேறு உடற்பயிற்சி எதற்கு என்பது. இக்கூற்று உழைப்பையும் பயிற்சியையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கத்தாற் பிறந்தது. பயிற்சி தசைகளைச் சிறிது சிறிதாக வலுவேற்றி, இடையே ஓய்வும் தருவது. களை பிடுங்குதலோ ஒரே மூட்டை ஒரே வளைவில் மணிக்கணக்காக வருத்துவது; ஓய்வும் அங்கே கூலியிழப்பாகும். நெடும்பிடி பொருத்திய களைக்கருவியும், நின்று மீன் வெட்ட உயர்ந்த மேசையும், வேலையினிடையே நிமிர்ந்து நிற்கும் சில நிமிடங்களும் மாத்திரையிலும் மலிந்தவை. அவற்றைக் கொடுக்க மனமில்லாதவரே உழைப்பு உடலுக்கு நல்லதென உபதேசிப்பர்.

மூன்றாவது மறுப்பு கருத்தூன்றி நோக்கற்பாலது. இயற்கையான மாற்றமொன்றை நோயாக்கி மருந்து விற்கும் சூழ்ச்சியே இது என்பர் சிலர். இவ்வையம் ஆதாரமற்றதன்று. 1966ஆம் ஆண்டிலே றொபேட் வில்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், பெண்மை என்றும் அழியாதிருக்க ஓமோன் உட்கொள்க என நூலெழுதினார். மருந்து நிறுவனங்களின் பணம் அவர் பின்னால் நின்றது பின்னர் வெளிப்பட்டது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரும் பரிசோதனையொன்று, இணைந்த ஓமோன் சிகிச்சையால் மார்பகப் புற்றுநோயும் குருதியுறைவும் மிகுவதைக் கண்டு இடைநிறுத்தப்பட்டது. அதன்பின் எழுந்த பேரச்சமும் அளவு கடந்ததே. 60 வயதுக்கு உட்பட்டவர், அல்லது மாதவிடாய் ஓய்ந்து 10 ஆண்டு செல்லாதவர், தடையான நோய்கள் இல்லாதவிடத்து வைத்தியரின் மேற்பார்வையில் அதனைப் பெறுவதில் நன்மை மிகுதி என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஆனால் மூட்டுவலிக்கு மாத்திரம் அதுவே மருந்தென்பார் இலர். எவ்வாறாயினும், படுவான்கரைப் பெண்ணை வருத்துவது மிகுந்த மருத்துவமன்று, மருத்துவமின்மையே. அவள் அறிந்த ஒரே சிகிச்சை கடையில் வாங்கும் வலிமாத்திரையாகும். அதனை மாதக்கணக்காக விழுங்குவோர்க்கு இரைப்பைப் புண்ணும் சிறுநீரகக் கேடும் நேரலாம் என்று கூறுவார் இல்லை.

இங்கு வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். நடுவயதுப் பெண்ணின் மூட்டுவலி அனைத்தையும் மாதவிடாய் ஓய்வின் மேலேற்றுதலும் தவறு. நீரிழிவினாலும் தோள் இறுகும். தைரொயிட் குறைந்தாலும் தசை நோகும். மூட்டு வீங்கிச் சிவப்பின் அது வேறு அழற்சி நோயாகலாம். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மட்டக்களப்பிலும் பரவிய சிக்குன்குன்யா, பலருக்கு நெடுநாள் மூட்டுநோவை விட்டுச் சென்றது. இவையனைத்தையும் வாதம் என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது ஊர் வழக்கு. சித்த மருத்துவமோ வாதநோயை எண்பதாக வகுத்தது. எண்பது கண்ட மரபுக்கு உரியோர் ஒன்றோடு அமைவது அம்மரபுக்கே இழுக்காகும்.

செய்யத்தக்கன அரியனவல்ல. வாரத்தில் இருமுறையேனும் கதிரையில் கை ஊன்றாது எழுந்தமர்தல், சுவரைத் தள்ளுதல், நீர் நிரப்பிய போத்தலைத் தூக்கியிறக்கல் முதலிய வலுப்பயிற்சிகள், நாளாந்த நடை, முள்ளோடு உண்ணும் சிறுமீன், தயிர், பயறு, கீரை, போதிய உறக்கம், இளஞ்சூட்டு ஒத்தடம். பாட்டி பூசிய எண்ணெயும் ஆறுதல் தருமாயின் அதனை இகழ வேண்டியதில்லை. ஆனால் மீனில் நடுத்துண்டத்தை மகனுக்கும் மருமகனுக்கும் வைத்துக் குழம்பு மட்டும் உண்ணும் தாய்க்கு இவ்வறிவுரை போய்ச்சேராது. சட்டியிலே அவள் பங்கை முதலில் ஒதுக்குவதும் சிகிச்சையே.

அரசின் கடமையும் உண்டு. 1996ஆம் ஆண்டு முதல் இலங்கையிலே சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. குருதியமுக்கம், நீரிழிவு, மார்பகப் புற்றுநோய், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஆகியன அங்கு முன்கூட்டியே கண்டறியப்படுகின்றன. எந்த மூட்டு நோகின்றது, எந்த வேலையின்போது நோகின்றது என்னும் வினாக்களும் அங்கு தவறாது எழவேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலே மருத்துவமும் சித்த மருத்துவமும் பயில்வோர் வாவியின் இருகரைக்கும் சென்று அப்பெண்களின் வாய்மொழியைக் கேட்டெழுத வேண்டும். கலைப்பீடத்தார்க்கும் இதிற் பங்குண்டு. நோவைச் சொல்லச் சொல் வேண்டும். சொல்லைத் தேடித் தொகுப்பது மொழி பயில்வோர் பணியன்றோ?

பேரிளம்பெண்ணோடு நின்ற வரிசைக்கு எட்டாம் பருவமொன்று சேர்க்கப்படல் வேண்டும். அதற்கு எப்பெயரை இடினும் இடுக. ஆனால் பூப்படைந்த மகளுக்குக் குரவை எழுப்பும் அதே முற்றத்தில், அக்குரவையை எழுப்பும் தாய் நிலத்திலிருந்து எழக் கையூன்றுகின்றாள் என்பதை ஒருவரேனும் காணாதவரையில், பெயரால் மட்டும் ஆவது ஒன்றுமில்லை.