விமானத்தைப் படம் பிடிப்பது குற்றமா?

கழுகுமலைக்குப் போயிருக்கிறீர்களா?

கோவில்பட்டியிலிருந்து மேற்கே சுமார் 20 கிலோமீட்டர். கரிசல் காட்டின் நடுவே பெரிய பாறையாக மலை எழுந்து நிற்கும். அடிவாரத்தில் முருகன் கோயில். கழுகாசலமூர்த்தி என்பது சாமியின் பெயர். மேலே சமணச் சிற்பங்கள். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிய வெட்டுவான் கோயிலும் அங்கேதான் இருக்கிறது.

இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. சம்பாதியும் ஜடாயுவும் அண்ணன் தம்பிக் கழுகுகள். சூரியனைத் தொட்டுவிட வேண்டும் என்று பறந்தார்கள். உயரே போகப் போக வெயில் சுட்டது. தம்பி துடித்தான். அண்ணன் தன் சிறகை விரித்துத் தம்பியை மறைத்தான். அண்ணனின் சிறகு கருகிப் போயிற்று. அந்தச் சம்பாதி இங்கே வந்து முருகனை வழிபட்டான் என்பது ஊர்க் கதை.

ஆகவே, பறக்கும் ஆசை இந்த ஊருக்குப் புதிது அல்ல!

இந்த ஊரில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். பையனுக்கு ஆகாய விமானம் என்றால் உயிர். வானத்தில் சத்தம் கேட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவான். ஒரு நாள் பஸ் ஏறித் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்குப் போகிறான். வேலிக்கு வெளியே நின்று, இறங்கும் விமானத்தைச் செல்போனில் படம் பிடிக்கிறான்.

“யாரப்பா நீ? எதற்குப் படம் எடுக்கிறாய்?” என்று ஒரு குரல் கேட்கிறது.

அவன் என்ன பதில் சொல்வான்? அவன் செய்தது ஆசையா, குற்றமா? இதுதான் இன்று நாம் பார்க்க வேண்டிய கேள்வி.

ஐதராபாத்துக்கு வந்த பெரிய பறவை

2024ஆம் ஆண்டு ஜனவரி 18 முதல் 21 வரை ஐதராபாத் நகரில் உள்ள பேகம்பேட்டை விமான நிலையத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. அதற்கு “விங்ஸ் இந்தியா” என்று பெயர். அங்கே ஒரு புதிய விமானம் வந்து நின்றது. அமெரிக்காவின் போயிங் கம்பெனி செய்த 777-9 என்ற விமானம் அது.

அதன் நீளம் சுமார் 252 அடி. சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 235 அடிக்கு மேல். இவ்வளவு அகலமான விமானம் பல விமான நிலையங்களில் நிற்க இடம் போதாது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தரைக்கு வந்ததும் சிறகின் நுனிகள் மேல் நோக்கி மடங்கிக்கொள்ளும். அப்போது அகலம் சுமார் 213 அடியாகக் குறைந்துவிடும். கோழி, சிறகை ஒடுக்கிக்கொண்டு கூண்டுக்குள் போவது போல!

என்ஜினின் முன்பக்கத்தில் சுற்றும் விசிறியின் குறுக்களவு மட்டும் 11 அடிக்கு மேல். ஓர் ஆள் உள்ளே நின்று, அவன் தோளில் இன்னொருவன் ஏறி நிற்கலாம்.

கண்காட்சிக்கு வந்தவர்கள் அதைப் படம் பிடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. “பாருங்கள், படம் எடுங்கள், ஊரெல்லாம் காட்டுங்கள்” என்பதுதான் கம்பெனியின் விருப்பம்.

ஏன் ஊர் ஊராக வருகிறது?

மாடு விற்பவர், மாட்டைச் சந்தைக்குக் கொண்டு வருகிறார். வாங்குபவர் பல்லைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். விமான வியாபாரமும் அப்படித்தான். புதிய விமானத்தைச் செய்த கம்பெனி, வாங்கக்கூடிய நாடுகளுக்கு அதைக் கொண்டு போகிறது. கம்பெனி முதலாளிகள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். மந்திரிகள் வருகிறார்கள். பத்திரிகைகளில் படம் வருகிறது.

இந்தியா இப்போது பெரிய சந்தை. 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா கம்பெனி 470 விமானங்கள் வாங்கப் போவதாக அறிவித்தது. அதில் 10 விமானங்கள் இந்த 777 புதிய ரகம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தைக்கு வந்த மாடெல்லாம் நம் தொழுவத்துக்கு வந்துவிடுவதில்லை!

வந்தவை எத்தனை? தங்கியவை எத்தனை?

1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் கான்கார்டு விமானம் விற்பனைப் பயணமாகப் பல நாடுகளுக்குப் போனது. நம் பம்பாயிலும் இறங்கியது. ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போகும் விமானம் அது. ஏர் இந்தியா இரண்டு விமானங்களுக்கு முன்கூட்டியே இடம் பிடித்து வைத்திருந்தது. ஆனால் வாங்கவில்லை. எண்ணெய்ச் செலவு அதிகம். இடி போன்ற சத்தம் வேறு. கடைசியில் பிரிட்டன், பிரான்சு ஆகிய இரு நாட்டு விமானக் கம்பெனிகள் மட்டுமே அதைச் சொந்தமாக வைத்து ஓட்டின. 2003 அக்டோபரோடு அதன் பயணிகள் போக்குவரத்து முடிந்தது.

2007 மே மாதம் ஏ-380 என்ற இரண்டு மாடி விமானம் டில்லிக்கும் மும்பைக்கும் வந்தது. இந்தியாவின் கிங்ஃபிஷர் கம்பெனி அதில் ஐந்து வாங்க ஒப்பந்தம் செய்திருந்தது. ஒன்றுகூட வரவில்லை. 2012இல் கிங்ஃபிஷர் விமானங்களே நின்றுபோயின. 2021இல் அந்த விமானத்தின் உற்பத்தியும் நின்றது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஏ-380 விமானங்கள் நம் ஊருக்கு வந்து போயின. இந்தியக் கம்பெனி எதுவும் அதை வாங்கவில்லை.

2011 ஜூலையில் போயிங் 787 வந்தது. இது மட்டும் தங்கியது. 2012 செப்டம்பரில் ஏர் இந்தியாவுக்கு முதல் விமானம் கிடைத்தது.

ஐதராபாத்துக்கு வந்த 777-9 என்ன ஆயிற்று? அது முதல் முறையாகப் பறந்தது 2020 ஜனவரியில். வாங்கியவர்களுக்குக் கொடுப்பது தள்ளித் தள்ளிப் போயிற்று. முதல் விமானம் 2027இல்தான் கொடுக்கப்படும் என்று 2025 அக்டோபரில் கம்பெனி அறிவித்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? வந்து போன விமானம் திரும்பி வரும் என்பது நிச்சயம் இல்லை. “எங்கள் ஊரில் கான்கார்டு இறங்கியது” என்று ஒரு தாத்தா சொன்னால், பேரன் நம்ப வேண்டுமே! அதற்கு ஆதாரம் அன்று எடுத்த படம்தான். விமானம் போய்விட்டது. படம் இருக்கிறது.

சட்டம் சொல்வது என்ன?

இப்போது நம் பையனிடம் வருவோம்.

இந்திய விமான விதிகள் 1937ஆம் ஆண்டு போடப்பட்டவை. வெள்ளைக்காரன் காலம். அதில் 13ஆவது விதி படம் பிடிப்பது பற்றியது. அரசாங்க விமான நிலையத்திலும், பறக்கும் விமானத்திலிருந்தும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது.

அன்று காமிரா என்பது பணக்காரர் வீட்டில் மட்டுமே இருந்த பொருள். இன்றோ கீரை விற்கும் பாட்டியின் செல்போனிலும் காமிரா இருக்கிறது!

அரசாங்கம் இதை உணராமல் இல்லை. விமானத்தில் போகும் பயணிகள் உள்ளிருந்து படம் எடுக்கலாம் என்று 2004இல் தளர்த்தினார்கள். 2020 செப்டம்பரில் விமானப் போக்குவரத்துத் துறை இதை மறுபடியும் விளக்கிச் சொன்னது. விமானத்தின் பாதுகாப்பைக் கெடுக்கும் கருவிகளுக்கும், குழப்பம் உண்டாக்குவதற்கும் மட்டும் தடை.

ஆக, டிக்கெட் வாங்கி உள்ளே போனவனுக்கு விதி ஓரளவு தெளிவாகிவிட்டது. கண்காட்சிக்குப் போனவனுக்கும் கவலை இல்லை. வேலிக்கு வெளியே நிற்கும் ஏழைப் பையனுக்குத்தான் எது சரி, எது தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.

பயமும் நியாயமே

காவலர் கேள்வி கேட்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. நம் நாட்டில் பல விமான நிலையங்களில் ராணுவ விமானங்களும் இறங்குகின்றன. 2008இல் மும்பையில் நடந்த பயங்கரத்தை யாரும் மறக்கவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த மோதலுக்குப் பிறகு, ராணுவ விமானத் தளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னலை மூட வேண்டும், படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஆபத்துக் காலத்தில் அது வேண்டியதுதான்.

ஆனால் சந்தேகம் அளவு மீறினால் என்ன ஆகும்?

2010 பிப்ரவரியில் பிரிட்டனிலிருந்து வந்த இருவர் டில்லி விமான நிலையம் அருகே ஓட்டலில் தங்கினார்கள். விமானங்களைப் பார்த்துக் குறிப்பு எடுப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. விமானப் பேச்சைக் கேட்கும் ரேடியோக் கருவியும் வைத்திருந்தார்கள். போலீஸ் பிடித்தது. அனுமதி இல்லாத கருவி வைத்திருந்தது தவறுதான். ஆனால் அவர்கள் உளவாளிகள் அல்ல. சுமார் இரண்டு மாதம் கழித்து அபராதம் கட்டிவிட்டு ஊர் திரும்பினார்கள்.

கிரீஸ் நாட்டிலும் இதே கதை. 2001 நவம்பரில் விமானப்படைத் தளம் ஒன்றில் 14 பேர் பிடிபட்டார்கள். அவர்களும் விமானப் பித்துப் பிடித்தவர்களே. மறு ஆண்டு ஏப்ரலில் சிறைத் தண்டனை. நவம்பரில் மேல் கோர்ட்டு “குற்றம் இல்லை” என்று தீர்ப்புச் சொன்னது. ஓர் ஆண்டு அலைச்சல்தான் மிச்சம்!

அகமதாபாத் பையன்

2025 ஜூன் 12. அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் 787 விமானம் லண்டனுக்குக் கிளம்பியது. கிளம்பிய சில வினாடிகளில் விழுந்து எரிந்தது. அதில் இருந்த 242 பேரில் ஒருவரே பிழைத்தார். கீழே தரையில் இருந்தவர்களும் மாண்டார்கள்.

அந்த நேரத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் மொட்டை மாடியில் நின்றிருந்தான். கிராமத்திலிருந்து வந்தவன். இவ்வளவு தாழ்வாக விமானம் பறப்பதைப் பார்க்க அவனுக்கு ஆசை. ஊர் நண்பர்களுக்குக் காட்டுவதற்காகச் செல்போனில் படம் எடுத்தான். அவன் கண் எதிரே அந்தக் கோரம் நடந்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது.

போலீசார் அவனை அழைத்து விசாரித்தார்கள். “பையனைக் கைது செய்துவிட்டார்கள்” என்று வதந்தி பரவியது. “கைது இல்லை, அவன் சாட்சி” என்று போலீசார் விளக்கம் சொன்னார்கள்.

சாட்சி! இந்தச் சொல்லைக் கவனியுங்கள்.

விமானக் கம்பெனி காட்டுவது அலங்காரம் செய்த விமானத்தை. அதைப் படம் பிடிக்க அழைக்கிறார்கள். தினமும் ஏறி இறங்கும் விமானத்தைக் கவனித்துப் பார்ப்பவன் யார்? வேலி ஓரத்துப் பையன்தான். நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அவன் கையில் இருக்கும் படம் நாட்டுக்கு உதவும். அவனை விரட்டினால் நஷ்டம் அவனுக்கு மட்டும் அல்ல.

என்ன செய்யலாம்?

மற்ற நாடுகளில் வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் மான்செஸ்டர் விமான நிலையத்தின் ஓரத்தில் விமானம் பார்ப்பதற்கென்றே ஒரு பூங்கா இருக்கிறது. ஓய்வு பெற்ற கான்கார்டு ஒன்றையும் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் தோக்கியோ நகரின் ஹனேடா விமான நிலையத்தில் மொட்டை மாடியிலிருந்து யாரும் பார்க்கலாம். ஒளிந்து நின்று பார்ப்பவன் மீது சந்தேகம் வரும். எல்லோரும் கூடி நின்று பார்க்கும் இடத்தில் காவல் காப்பதும் எளிது.

நம் பக்கத்திலும் இதற்குக் காலம் வந்துவிட்டது. தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர். சிறிய விமானங்கள்தான் இறங்க முடியும். அதை 3,115 மீட்டராக நீட்டினார்கள். 2025 ஜூலை 26ஆம் தேதி புதிய கட்டடம் திறக்கப்பட்டது. பெரிய விமானம் இறங்கும் வசதி வந்துவிட்டது. பார்க்க வரும் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டாமா?

ஒரு சிறிய மேடை, ஒரு கம்பி வலை, ஒரு காவலர், ஒரு பலகை. “இங்கே படம் எடுக்கலாம், இதை எடுக்கக் கூடாது” என்று தமிழில் பெரிய எழுத்தில் எழுதிய பலகை. இவ்வளவு போதும்.

அதுவரை பெற்றோர்கள் பிள்ளைகளுக்குச் சில புத்தி சொல்லி வைக்க வேண்டும். ராணுவ விமானத்தையும், காவல் சாவடியையும் படம் எடுக்காதே. வேலியைத் தாண்டாதே. தடை என்று பலகை இருந்தால் காமிராவைப் பையில் வை. அதிகாரி கேட்டால் ஓடாதே. படத்தைக் காட்டி உண்மையைச் சொல்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கேளுங்கள், விசாரியுங்கள். ஆனால் முதல் வார்த்தையிலேயே திருடனிடம் பேசுவது போல் பேசாதீர்கள். இன்று வேலிக்கு வெளியே நிற்பவன், நாளை விமானத்தைப் பழுது பார்க்கும் என்ஜினீயராக உள்ளே வரலாம். விமானம் ஓட்டவும் வரலாம்.

கழுகுமலைச் சம்பாதி, தம்பி கருகிவிடக் கூடாது என்று சிறகு விரித்தான். வானத்தைப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் பெரியவர்கள் அந்த நிழலைக் கொடுக்க வேண்டும்.