நெரிக்காத பிடி

டொரொண்டோவில் இருக்கும் அக்கா மகன் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். கறுப்புப் பைக்குள் பதினாலு கோல்ஃப் மட்டைகள், கீறல் படாதவை. "மாமா, வேலை செய்யிற இடத்துல எல்லாரும் வெளையாடுறாங்க. நானும் பழகலாம்னு இருக்கேன். இந்த செட்டை எடுக்கவா?" அவசரப்படாதே, யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் போட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டியது கைபேசித் திரைக்குள் அடங்காது. அது இரத்தினபுரியில் ஒரு றப்பர் மலையில் தொடங்குகிறது.

கோல்ஃப் திடலை நான் முதன்முதலில் பார்த்தது ரயில் ஜன்னல் வழியாக. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள், இரத்தினபுரிக்கு ரயில் ஓடியது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை அவிசாவளைக்கு வந்து, 1912இல் இரத்தினபுரியைத் தொட்டு, பிறகு ஓப்பநாயக்க வரை நீண்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான். 1976இல் அவிசாவளைக்கு இந்தப் பக்கம் மூடிவிட்டார்கள். அதற்கு முன், கொழும்பில் இருந்த தாய்மாமாவைப் பார்க்க அம்மாவோடு போகும்போதெல்லாம், நாரஹேன்பிட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெட்டிவிட்ட புல் விரியும். தொப்பி போட்டவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு, ரயில் போகட்டும் என்று நிற்பார்கள். 1879இல் தொடங்கிய ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் திடல் அது. பாதை இன்றைக்கும் அதன் நடுவாலேதான் போகிறது. என் கண் தேடியது, அவர்களுக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஆட்களை. அவர்களில் ஒருவர் என் மாமா. கெடி வேலை.

ஒருமுறை மாமா வெட்டுப்பட்ட பந்தொன்றைத் தந்தார். மட்டையின் விளிம்பு பட்டு மேல்தோல் பிளந்திருந்தது. வீட்டுக்கு வந்து, அப்பாவின் பழைய றப்பர்ப் பால் வெட்டும் கத்தியால் தோலை உரித்தேன். உள்ளே நூல். பழுப்பு நிறத்தில், மெல்லிசாக, இழுத்தால் நீளுகிற றப்பர் நூல். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் பந்து லயத்து வாசலில் துள்ளித் துள்ளி உருண்டது. நூல் முடிகிற வழியாயில்லை. அடுத்த காம்பராப் பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டார்கள். வேலை முடிந்து வந்த அப்பா நூலை எடுத்து விரலில் சுற்றினார், மூக்கருகே கொண்டுபோனார். "இது நம்ம பாலுடா" என்றார்.

அமெரிக்காவின் கோபர்ன் ஹாஸ்கெல் 1890களின் கடைசியில் றப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்ய வழி கண்டதும், அதுவரை அடித்த குட்டா பெர்ச்சா பந்துகள் கொஞ்ச வருடத்திலேயே வழக்கொழிந்ததும் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. இப்போதைய பந்துக்குள் நூல் கிடையாது, செயற்கை றப்பர்க் கட்டிதான். ஆனால் அப்பா அந்த நூலை விரலில் சுற்றிய விதம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது.

ரயில் நின்ற மறு வருடம், 77 ஆவணிக் கலவரத்தில், உடுத்த துணியோடு அந்த லயத்தை விட்டு வெளியேறினோம். பந்து அங்கேயே போயிற்று. கத்தியை அப்பா இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார்.

நான் மட்டையைத் தொட்டது நாற்பது வயதுக்குப் பிறகு, நுவரெலியாவில். 1889இல் தொடங்கிய அந்தக் கழகத்தில் வெளியாட்களும் கட்டணம் கட்டி ஆடலாம், மட்டையையும் வாடகைக்கு எடுக்கலாம். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். ஆசை பிடித்துக்கொண்டது. நாட்டை விட்டுப் போகிற வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் முழு செட்டையும் வாங்கினேன். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதருடைய மட்டைகள். எஃகுத் தண்டு, நல்ல விறைப்பு. நான் ஐந்தடி நாலு அங்குலம். இரண்டு வருடம் என் பந்தெல்லாம் வலப்பக்கம் வளைந்து பற்றைக்குள் விழுந்தது. இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. பலம் போதவில்லை என்று நினைத்து, இன்னும் ஓங்கி அடித்தேன்.

அதனால்தான் மருமகனே, அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. பதினாலு என்பது 1930களின் கடைசியில் விதியாகப் போட்ட உச்சவரம்பு. அத்தனையும் உனக்கு வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. பழகுகிறவனுக்கு ஆறேழு போதும். ஒரு ஹைப்ரிட், 5, 7, 9 அயர்ன், ஒரு பிட்சிங் வெட்ஜ், மணலுக்கு ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு பட்டர். பாவித்ததாக இருந்தால் இன்னும் நல்லது. டிரைவரை எல்லாவற்றுக்கும் கடைசியில் எடு. எடுக்கும்போது முகச்சாய்வு 12 பாகை அளவில் உள்ளதைக் கேள். சாய்வு கூடினால் பந்து லேசாக எழும்பும், பக்கத்துக்கு வளைவதும் குறையும். அயர்ன் மட்டையைத் திருப்பி முதுகைப் பார். முதுகு குழிந்து, பாரம் ஓரத்துக்குப் போயிருந்தால், நடுவில் படாத அடியையும் அது ஓரளவு காப்பாற்றும். முதுகு வழவழவென்று தட்டையாக இருப்பது பார்க்க அழகு, தேர்ந்த கைகளுக்கு உரியது.

நீளத்தை உயரத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க விடாதே. நேராக நின்று கையைத் தொங்கவிடு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல். உன் அம்மா பக்கம் எல்லாருக்கும் கை நீளம், உனக்கும் அப்படித்தான். தண்டில் விறைப்புக் குறைந்ததை முதலில் அடித்துப் பார். மெதுவான வீச்சுக்கு விறைத்த தண்டு ஒத்துழைக்காது. முகம் நேராகத் திரும்பி வருவதற்குள் பந்து போய்விடும். எனக்கு நடந்ததும் பெரும்பாலும் அதுதான். மட்டையின் அடிப்பாகம் தரையில் சரியாகப் படிகிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. பந்தின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நேர்கோடு போட்டு, கோட்டை மட்டைக்கு எதிரே நிமிர்த்தி வைத்து அடி. முகத்தில் பதிகிற கோடு செங்குத்தாக நின்றால் அந்த மட்டை உனக்குப் பொருந்துகிறது. சரிந்திருந்தால் வளைத்துத் திருத்தித் தரச் சொல், நல்ல கடைகளில் செய்வார்கள். பிடியின் பருமனையும் பார்: இடக்கையால் பிடித்தால் நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையை மெல்லத் தொட வேண்டும். நகம் குத்தினால் பிடி மெலிது.

பட்டரைப் பற்றி ஒன்று. எழுபத்திரண்டு அடியில் முடிக்க வேண்டிய திடலில், குழிக்கு இரண்டு வீதம் முப்பத்தாறு அடி பட்டருக்கென்று கணக்கு. சரிபாதி. அப்படியிருந்தும் ஆட்கள் டிரைவருக்குக் கொடுக்கிற நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட பட்டருக்குக் கொடுப்பதில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. டொரொண்டோவில் பனி கொட்டும் மாதங்களில் வீட்டுக் கம்பளத்தில் ஒரு தேநீர்க் கோப்பையைச் சாய்த்து வைத்துக்கொண்டு தினமும் கால் மணித்தியாலம் உருட்டு.

இனி வீச்சு. நுவரெலியாவில் ஒரு நாள், தூறல் விட்ட நேரம், என் பையைச் சுமந்து வந்த கெடி என்னைவிட மூத்தவர். நாலைந்து குழி வரை வாய் திறக்கவில்லை. பந்து விழுந்த பற்றையைக் காட்டுவார், எடுத்து வருவார், அவ்வளவுதான். பிறகு, "சேர், கையுறைய ஒருக்கா கழட்டுங்க" என்றார். வாங்கிப் பார்த்து, உள்ளங்கை அடியில் தேய்ந்து கிழிந்திருந்த இடத்தைப் பெருவிரலால் தடவினார்.

"எதுக்கு சேர் இப்பிடி நெரிக்கிறீங்க? சேருக்கு எந்தப் பக்கம்?"

"இரத்தினபுரி, அண்ணே. றப்பர்த் தோட்டம். அப்பா பால் வெட்டினவர்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அவரு கத்திய இப்பிடியா புடிச்சாரு?"

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கியது. அப்பா கத்தி பிடித்ததை நான் எத்தனை விடியலில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பால் இருப்பது பட்டையில். மரத்துக்கு ஒரு மில்லிமீற்றர் மேலே கத்தி நிற்க வேண்டும். அதைத் தாண்டி உள்ளே தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பட்டை மறுபடி வளர்ந்தாலும் ஒழுங்காக வெட்ட முடியாது. கத்தியை இறுக்கிப் பிடித்தவன்தான் ஆழமாகப் போவான். அப்பாவின் விரல்கள் கத்தியை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்கும். மரத்தைச் சுற்றி அவர் அடியடியாக நகர, உடம்பு திரும்ப, அந்தத் திருப்பத்தில் கத்தி போகும், பட்டை சுருள் சுருளாக விழும். புதிதாக வேலைக்கு வரும் பொடியன்களுக்கு, "கையால வெட்டாத, காலால வெட்டு" என்பார்.

அன்றைக்கு மிச்சக் குழிகளை நான் அப்பாவை நினைத்துக்கொண்டு அடித்தேன். எல்லாப் பந்தும் நேராகப் போகவில்லை. ஆனால் பந்தில் மட்டை படும் சத்தம் மாறியது. தட்டையாக அறைகிற சத்தம் போய், சுருக்கமாக ஒரு சொடுக்கு.

பிறகு நான் விசாரித்து, படித்து, திகன விக்டோரியா திடலிலும் நுவரெலியாவிலும் ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். வலக்கைக்காரனுடைய பந்து வலப்பக்கம் வளைகிறது என்றால், மட்டை போகிற பாதைக்கு அதன் முகம் திறந்திருக்கிறது என்று பொருள். பிடியை நெரித்தால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பூட்டிய மணிக்கட்டால் முகத்தைத் திருப்ப முடியாது. அதோடு தோள் முந்திக்கொண்டால் மட்டை வெளியிலிருந்து உள்ளே இழுபடும், வளைவு இன்னும் கூடும். ஆகவே குனிந்து உன் இடக்கையைப் பார், இரண்டு மூன்று விரல் மொளி தெரிய வேண்டும். கீழே வரும்போது முதலில் அசைய வேண்டியது இடுப்பும் காலும். பந்தைத் தூக்கிவிட நினைக்காதே. தூக்கப் பார்த்தால் அதன் தலையில்தான் படும். தூக்குவது மட்டையின் சாய்வு. அயர்ன் முதலில் பந்தைத் தொட்டு, அதற்கு முன்னால் உள்ள புல்லைச் சீவ வேண்டும். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு 7 அயர்னால் அரை வீச்சு, முப்பது பந்து. கையால் இழுத்தால் தடுமாறி விழுவாய். விழாமல் அடிக்கிற நாளில் உடம்பு திரும்பக் கற்றுக்கொண்டது என்று வைத்துக்கொள்.

யூடியூபில் ஆளுக்கொரு பிடி சொல்வார்கள். குழம்பினால் பாப்வா சேகோலுமை நினைத்துக்கொள். தென்னாப்பிரிக்கக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர், டர்பனில் கெடியாக இருந்து தானே பழகியவர். வலக்கைக்காரர்கள் வலக்கையைக் கீழே வைப்பார்கள். அவர் இடக்கையைக் கீழே வைத்தார். ஒலே களிம்பைக் கண்டுபிடித்த கிரஹம் வுல்ஃப்பிடம் சேகோலும் வேலை பார்த்தபோது, வுல்ஃப்தான் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். எல்லாரும் தப்பென்று சொல்லும் அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை நெதர்லாந்து ஓப்பனை வென்றார். 1963இல் நேட்டால் ஓப்பனை வென்றபோது, வெள்ளையருக்கு மட்டுமான கழகக் கட்டடத்துக்குள் அவரை விடாமல், வெளியே மழையில் நிறுத்தி வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். அந்தப் படம் உலகம் முழுக்கப் போயிற்று. 1965இல் கெரி பிளேயரும் ஆடிய அதே போட்டியை மறுபடி வென்றார். பிறகு போட்டிகளிலிருந்து ஒதுக்கினார்கள், கடவுச்சீட்டையும் பிடுங்கினார்கள். 1978இல் இறந்துபோனார். அவர் பெயரைச் சொல்லாமல் நான் யாருக்கும் பிடி சொல்லிக்கொடுப்பதில்லை.

அவர் ஒருவர் மட்டுமில்லை. 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் டில்லியில் கெடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் கெடியாக இருந்தவர். நம் நாட்டிலிருந்து போய் இந்தியச் சுற்றில் ஆடும் தங்கராஜா, பிரபாகரன் பெயர்களைப் பத்திரிகையில் காணும்போதெல்லாம் மாமாவை நினைத்துக்கொள்வேன். அவர் இருபது வருடம் பை சுமந்தார். யாராவது அவரிடம் ஒரு மட்டையைக் கொடுத்து, நீ ஒரு அடி அடி என்று சொல்லியிருப்பார்களா என்று நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை ஆறரைக்கு, வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி இருக்கும் றப்பர் மலைக்குப் போனேன். இப்போது பால் வெட்டுவது பெரும்பாலும் பெண்கள்தான். இராத்திரி மழை பெய்யவில்லை, பட்டை காய்ந்திருந்தது. அங்கே வெட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் விசயத்தைச் சொல்லி, வீடியோ எடுக்கவா என்று கேட்டேன். "மூஞ்சிய எடுக்காதீங்க ஐயா" என்றார். பாதம் மட்டும் போதும் என்றேன். சிரித்துவிட்டு வெட்டத் தொடங்கினார்.

உனக்கு அனுப்பியிருக்கிறேன், நாற்பது செக்கன். மரத்தைச் சுற்றி அவருடைய கால் எப்படி நகர்கிறது என்று பார். கடைசியில் சிரட்டைக்குள் முதல் சொட்டு விழும், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேள்.