பாதரசம் போகட்டும், முறை இருக்கட்டும்

கல்லூரி ஆய்வகங்களிலிருந்து பாதரசத்தை வெளியேற்றுவது சரியே. அதன் ஆவி நரம்பைக் கெடுக்கும். வேதியியல் ஆசிரியனாக இருந்த நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அதோடு ஓர் அருமையான சோதனை முறையையும் மூட்டை கட்டிவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

1922-இல் பிராக் நகரில் ஹெய்ரோவ்ஸ்கி, நுண்குழாயிலிருந்து சொட்டும் பாதரசத்தையே மின்முனையாக்கினார். ஒவ்வொரு சொட்டும் புதுப் பரப்பு. பழைய அழுக்கு ஒட்டாது. 1959-இல் நோபல் பரிசு பெற்றார். பின்வந்தவர்கள் ஒரே சொட்டைத் தொங்கவிட்டு, நீரிலுள்ள ஈயத்தையும் காட்மியத்தையும் சில நிமிடம் அதில் சேரவிட்டு, மின்னழுத்தத்தை மாற்றித் திரும்பக் கரைத்தார்கள். ஈயம் ஓரிடத்தில் முகடு காட்டும், காட்மியம் வேறோரிடத்தில். முகட்டின் உயரம் அளவைச் சொல்லும். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்குக் கீழேயும் பிடிபடும். குடிநீரில் ஈயத்துக்கு நம் இந்தியத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு 10 மைக்ரோகிராம்.

இதற்குக் கோடி ரூபாய்க் கருவி தேவையில்லை. பாதரசத்துக்குப் பதிலாக பிஸ்மத் பூசிய மின்முனை 2000-லேயே வந்துவிட்டது. நச்சு மிகக் குறைவு; இந்த இரண்டு உலோகங்களையும் நன்றாகவே காட்டுகிறது. கல்லூரிகள் அதை வாங்கி வைக்கட்டும். பாடத்தைப் புத்தகத்தில் படித்து மறப்பதைவிட, மாணவர்கள் தங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கலாமே!